சொல்லாமல் மறைத்த கட்டி

திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரம் வரும் இரயிலில், நாகர்கோவில் வந்ததும் பாதிப் பெட்டி காலியாயிற்று. சன்னலோரம் இடம் கிடைத்தது. நான் உட்காரவில்லை. இரணியல், குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று நிலையங்கள் ஒவ்வொன்றாய்ப் போயின. நான் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தேன். எதிரே இருந்த மூதாட்டி, "உட்காரம்மா, இடந்தான் இருக்கிறதே" என்று இருமுறை சொன்னார். "உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துவிட்டது பாட்டி" என்றேன். அது பொய். உட்கார முடியாத இடத்தில் எனக்கு ஒரு கட்டி இருந்தது.

அன்புத் தோழியரே, தோழர்களே! மன்றத்தின் இதழில் சிலம்பும் குறளும் பேசுவதே வழக்கம். இவள் என்ன, கட்டியைப் பற்றி எழுத வந்துவிட்டாள் என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளித்த முகத்தோடேனும் படித்துவிடுங்கள். நான் தமிழ் பயில்பவள்; மருத்துவம் பயின்றவள் அல்லள். ஆதலால் மருத்துவக் கல்லூரியில் படிக்கும் தோழி ஒருத்தியிடம் இக்கட்டுரையைக் கொடுத்து வரிவரியாகத் திருத்தி வாங்கியிருக்கிறேன். தோழர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீராயின், உங்கள் வீட்டிலும் தாய் இருக்கிறாள், தங்கை இருக்கிறாள் என்பதே விடை.

முதலில் என் கதையை முடித்துவிடுகிறேன். பிறப்புறுப்பின் வாயிலில் இடப்பக்கமாகப் பட்டாணி அளவில் ஏதோ ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது. வலி இல்லை. நம் வீடுகளில் எந்தக் கட்டிக்கும் ஒரே பெயர்தானே, சூட்டுக்கட்டி! நானும் அப்படியே முடிவு கட்டினேன். இளநீர் குடித்தேன், வெந்தயம் விழுங்கினேன், வாரம் இருமுறை எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். கட்டி இவற்றையெல்லாம் பொருட்படுத்தவில்லை. மூன்றாம் வாரம் ஊருக்குப் போனபோது எலுமிச்சம்பழ அளவாயிற்று. அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. திரும்பி வந்த இரவே காய்ச்சல். காரியவட்டத்து விடுதி அறையில் நான் ஒருக்களித்துப் படுத்து முனகியதைக் கேட்ட அறைத்தோழி விளக்கைப் போட்டாள். "எங்கே வலிக்கிறது?" என்றாள். "கீழே" என்றேன். "கீழே என்றால்? காலா?" என்றாள். தமிழில் இளங்கலைப் பட்டம் பெற்றவள் நான். அந்த வினாவுக்கு விடை சொல்ல எனக்கு ஒரு சொல் அகப்படவில்லை.

நினைத்தால் வியப்பாக இருக்கிறது. அல்குல் என்ற சொல்லைச் சங்கப் புலவர்கள் எத்தனை இடங்களில் கூசாமல் ஆண்டிருக்கிறார்கள்! அச்சொல்லுக்குச் சரியான பொருள் எது என்பதில் அறிஞரிடையே இன்றும் வழக்கு உண்டு, அது வேறு. வகுப்பில் அதைப் பற்றி அரைமணி நேரம் விவாதித்த நாங்கள், மருத்துவமனை வாயிலில் 'கீழே', 'அங்கே', 'அந்த இடம்' என்று மூன்று சொற்களோடு நின்றோம்.

திருவனந்தபுரத்துத் தமிழ் மாணவிக்கு வேறொரு தொல்லையும் உண்டு. மலையாளம் நமக்குத் தெரிந்த மொழிபோலவே இருக்கும், அதுதான் ஆபத்து. என்னைப் பார்த்த மருத்துவர் இளம்பெண், அன்பாகவே பேசினார். "பனியுண்டோ?" என்றார். வெளியே நல்ல வெயில், நான் விழித்தேன். பனி என்றால் அவர்களுக்குக் காய்ச்சல். "வேதனயுண்டோ?" என்றார். மனத்தைக் கேட்கிறார் என்று எண்ணிக் கண் கலங்கிவிட்டேன். அவர் கேட்டது உடல் வலியை. "பழுப்பு வருந்நுண்டோ?" என்றார். நிறத்தைக் கேட்கிறார் போலும் என்று, "இல்லை, சிவப்பாக இருக்கிறது" என்றேன். பழுப்பு என்றால் சீழ்! நான் "கட்டி" என்று சொன்னதும் அவருக்கு எட்டவில்லை. அங்கே கட்டி என்றால் தடிப்பு, கெட்டித்தன்மை. நாம் கட்டி என்பதை அவர்கள் 'முழ' என்பர். சிறு பருவைக் 'குரு' என்பர். இந்த ஐந்தாறு சொற்களைப் புதிதாய் வரும் தங்கையர் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: "கல்யாணம் கழிஞ்ஞோ?" என்று கேட்பார்கள். ஆயிற்றா என்பதே பொருள். ஆனால் மருத்துவர் அறிய விரும்புவது தாலியை அன்று. உடலுறவு கொண்டதுண்டா என்பதை. அவ்வினாவுக்கு உண்மையான விடையைச் சொல்வது நல்லது. எந்த ஆய்வு தேவை, எது தேவையில்லை என்பது அதைப் பொறுத்தது.

எனக்கு வந்தது பார்த்தோலின் சுரப்பியில் சீழ்க்கட்டி. 1677ஆம் ஆண்டில் இதை எடுத்து விளக்கிய டென்மார்க்கு நாட்டு உடற்கூற்று அறிஞர் காஸ்பர் பார்த்தோலின் என்பவரின் பெயர் அதற்கு. யோனி வாயிலைக் கடிகார முகமாக எண்ணிக்கொண்டால், 4 மணிக்கும் 8 மணிக்கும் உரிய இடங்களில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சுரப்பிகள் உள்ளன. ஒவ்வொன்றும் பட்டாணி அளவு. இயல்பாக இருக்கும்போது கைக்கே தெரியாது. ஈரம் சுரந்து மெல்லிய குழாய் வழியே வெளியே விடுவது அவற்றின் தொழில். குழாயின் வாய் அடைபட்டால் நீர் உள்ளே தேங்கிப் பையாக வீங்கும். இந்நிலையில் பெரும்பாலும் வலி இல்லை. சிறியதாய், தொல்லை தராமல் இருந்தால் இளம்பெண்களுக்கு மருத்துவமே வேண்டியதில்லை. தேங்கிய நீரில் கிருமி புகுந்துவிட்டால் சீழாகும். அப்போதுதான் நடக்க முடியாது, உட்கார முடியாது, காய்ச்சலும் வரும். நூறு பெண்களில் ஏறத்தாழ இருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் இச்சுரப்பியில் தொல்லை வருவதாகச் சொல்கிறார்கள். அப்படியானால் நம் விடுதியிலேயே என்னைப் போல் வேறு சிலர் இருந்திருப்பர், யாரும் சொன்னதில்லை.

அந்தச் சீழ் பெரும்பாலும் குடலிலும் தோலிலும் வாழும் சாதாரணக் கிருமிகளால் உண்டாவது. சில வேளை பாலுறவால் பரவும் கிருமியும் காரணமாகலாம் என்பதால் சோதனைக்கு எடுப்பார்கள். ஆகவே கட்டி வந்தவளின் ஒழுக்கத்தை அளக்கும் கோல் அதுவன்று. இதைச் சற்று அழுத்தியே எழுதுகிறேன். மூன்று வாரம் நான் வாய் திறவாமல் இருந்ததற்கு வலியைவிட இந்த அச்சமே காரணம்.

மரத்துப்போக ஊசி போட்டு, கீறி, சீழை வடித்து, கீறிய வாயின் விளிம்பைத் தோலோடு சேர்த்துத் தைத்துவிட்டார்கள். மீண்டும் அடைபடாமல் ஒரு சிறு பைபோலத் திறந்திருக்க வேண்டும் என்பது நோக்கம். மார்சுப்பியலைசேஷன் என்று பெயர். கங்காரு குட்டியை வைத்துக்கொள்ளும் வயிற்றுப் பையின் இலத்தீன் பெயரிலிருந்து வந்த சொல் என்று தோழி சொன்னபோது, கட்டிலில் கிடந்தபடியே சிரித்தேன். சிரிக்க முடிந்தது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு முன்பு அது என்னால் இயலாத காரியம்.

நிற்க. பெண்ணின் புறவுறுப்பில் கைக்குத் தட்டுப்படும் எல்லாம் நோய் அல்ல. மயிர் முளைக்கும் பருத்த வெளிமடல்களைப் பேரிதழ் என்றும், உள்ளே இருக்கும் மெல்லிய மடல்களைச் சிற்றிதழ் என்றும் சொல்வோம். சிற்றிதழ் இரண்டும் ஒரே அளவாக இருப்பதில்லை. ஒன்று நீண்டும் ஒன்று குறுகியும், ஓரம் சுருங்கியும், நிறம் கறுத்தும் இருக்கும். அது அவரவர் முகம்போல. சிற்றிதழின் உட்புறத்தில் கடுகினும் சிறிய மஞ்சள் புள்ளிகள் தெரியலாம். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். வாயிலருகே இருபுறமும் ஒத்த வரிசையில் மெத்தென்ற சிறு முளைகள் சிலருக்கு உண்டு. அவையும் பிறவி இயல்பே. யோனிக்குள் விரல் எட்டும் இடத்தில் மூக்கின் நுனிபோல உறுதியாக ஒன்று படுமானால் அது கருப்பையின் வாய். இவற்றைப் புதிதாய்க் கண்டு நடுங்கிய பெண்கள் பலர். மாதம் ஒருமுறை கதவைத் தாழிட்டுக்கொண்டு, கண்ணாடி ஒன்றை வைத்துப் பார்த்துவிடுங்கள். இயல்பு எது என்று தெரிந்தவளுக்கே மாற்றம் எது என்று தெரியும்.

இனிக் கட்டிகளுக்கு வருவோம். மிகுதியாக வருவது மயிர்க்காலில் தோன்றும் கொப்புளம். மழித்த பிறகு மயிர் தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்வதும் உண்டு. சுற்றிலும் சிவந்து, தொட்டால் வலித்து, நடுவில் வெள்ளை முனை தெரியும். பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் நனைத்த தூய துணியை நாளைக்கு மூன்று நான்கு முறை, பத்து நிமிடம் ஒற்றினால் சில நாளில் அமர்ந்துவிடும். பிதுக்கலாகாது, ஊசியால் குத்தலாகாது. சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பற்றுப் போடும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. முதுகுத் தோல் தாங்கலாம், இந்தத் தோல் தாங்காது, வெந்துவிடும். டெட்டால் ஊற்றிக் கழுவுவதும் அப்படியே. மருந்துக் கடையில் 'அரிப்புக்கு ஒரு களிம்பு' என்று கேட்டால் எடுத்துத் தரும் கலவைக் களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு; அது படர்தாமரையை அடக்குவதுபோல் அடக்கி, பின்பு இருமடங்காய் எழுப்பிவிடும். அக்குளிலும் தொடையிடுக்கிலும் கட்டிகள் மாறிமாறி வந்து தழும்பாகி மீண்டும் வந்தால் அது சூடு அன்று. தனி மருத்துவம் உள்ள தோல்நோய். நீரிழிவு உள்ளவர்களோ சிறு கொப்புளத்தையும் சிறிதாக எண்ணக்கூடாது.

பேரிதழில் கோலிக்குண்டுபோல உருண்டு, வலியில்லாமல், வெண்மையாய்த் தெரியும் கழலைகள் உண்டு; தோலின் செதில்கள் உள்ளே அடைபட்டவை. தொந்தரவு இல்லையேல் விட்டுவிடலாம். கர்ப்ப காலத்தில் நரம்புபோலப் புடைத்து நீலமாய்த் தெரிவது இரத்தக் குழாய் வீக்கம். பெரும்பாலும் பிள்ளைப்பேற்றின் பின் வடியும். சைக்கிளிலிருந்து விழுந்து கம்பியில் அடிபட்டால் இரத்தம் கட்டி வீங்கும். வீக்கம் பெருகிக்கொண்டே போனாலோ சிறுநீர் கழிக்க முடியாமற் போனாலோ உடனே போக வேண்டும்.

தொடை இடுக்கில் தோன்றுவது வேறு வகை. காலில் புண் இருந்தால் நெறி கட்டும். இது நமக்குத் தெரிந்ததே. பிறப்புறுப்பில் புண் இருந்தாலும் நெறி கட்டும். அதைத்தான் பழைய வைத்தியர் அரையாப்பு என்றனர். இருமும்போது புடைத்து, படுத்தால் அமுங்கிப்போகும் வீக்கமானால் அது குடலிறக்கமாக இருக்கலாம். ஆண்களுக்கு மட்டுமே வருவது என்று நினைத்துவிட வேண்டா. அவ்வீக்கம் அமுங்காமல் வலிக்கத் தொடங்கி, வாந்தியும் சேர்ந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பாலுறவால் வருவனவற்றை மறைத்து எழுதினால் இக்கட்டுரையே பொய்யாகும். காலிஃபிளவர் பூப்போலக் கொத்தாக, வலியின்றி முளைப்பவை மருக்கள். எச்.பி.வி. என்னும் நச்சுயிரின் 6, 11 என்ற வகைகள் பெரும்பாலும் காரணம். களிம்பாலோ உறையவைத்தோ அகற்றலாம். இவ்வகை மருக்கள் புற்றுநோயாக மாறுவது மிக அரிது. கிருமி புகுந்து பல மாதம் கழித்தும் இவை முளைக்கக்கூடும். எனவே மருவைக் கண்ட அன்றே துணையைக் கூண்டில் ஏற்றுவது அறிவன்று. நடுவில் குழிந்த, முத்துப்போன்ற சிறு பருக்கள் வேறொரு நச்சுயிரால் வருவன. அவை பாலுறவின்றியும் பரவும். நீர்க்கொப்புளங்கள் கூட்டமாய்த் தோன்றி எரிந்து புண்ணானால் ஹெர்பீஸ். நான் மிகவும் அஞ்சச் சொல்வது வலிக்காத புண்ணை. கிரந்தி எனப்படும் சிஃபிலிஸ் அப்படித்தான் தொடங்கும். கெட்டியான விளிம்புள்ள ஒரு புண், வலி இல்லை, சில வாரத்தில் தானே ஆறியும் விடும். ஆறியது புண்தான், நோய் உள்ளே இறங்கியிருக்கும். தொடக்கத்தில் கண்டால் பென்சிலினே போதும்.

அதே எச்.பி.வி.யின் 16, 18 என்ற வகைகள் கருப்பை வாய்ப் புற்றுக்குப் பெருங்காரணம். அதை மெய்ப்பித்த ஜெர்மானியர் ஹரால்டு சுர் ஹவுசன் 2008இல் நோபெல் பரிசு பெற்றார். கருப்பை வாய்ப் புற்று வெளியே கட்டியாகத் தெரிவதில்லை. மாதவிலக்கு அல்லாத நாளில் இரத்தம், உடலுறவுக்குப் பின் இரத்தம், மாதவிலக்கு நின்றபின் இரத்தம் என்றுதான் குறி காட்டும். தடுப்பூசி இருக்கிறது. புனேயின் சீரம் நிறுவனம் ஆக்கிய செர்வவாக் என்ற இந்தியத் தடுப்பூசி 2023இல் வெளிவந்தது. 9 முதல் 14 வயதுவரை இரண்டு ஊசி. 15 முதல் 26 வரை மூன்று. நம்மில் பலர் இன்னும் 26ஐத் தாண்டவில்லை. மாணவர்களும் போட்டுக்கொள்ளலாம். அரை நாள் கான்டீன் அரட்டைக்குரிய நேரம்தான் செலவு. பணச்செலவு உண்டு என்பதையும் மறைக்கவில்லை.

புறவுறுப்பிலேயே தோன்றும் புற்று அரிது. பெரும்பாலும் வயது முதிர்ந்தோர்க்கு வருவது. ஆயினும் அது வரும் விதத்தை அறிந்துகொள்ள வேண்டும். பல மாதமாய், சிலருக்குப் பல ஆண்டாய் ஓயாத அரிப்பு, தோல் வெளுத்துத் தடித்தல், பிறகு ஒரு முண்டு அல்லது ஆறாத புண், கசியும் இரத்தம். நம் பாட்டிமார் சொறிந்துகொண்டே காலம் தள்ளியது இத்தகைய அரிப்பைத்தான். வெளுத்த நிலையில் காட்டினால் களிம்பிலேயே அடங்கும் நோயாக இருக்கலாம். ஆதலால், மாதவிலக்கு நின்ற பெண்ணுக்குப் புதிதாய் எந்தக் கட்டி வந்தாலும், அது பார்த்தோலின் கட்டிபோலவே தோன்றினாலும், சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது மருத்துவர் வழக்கம்.

எப்போது போக வேண்டும் என்று தோழியைக் கேட்டேன். அவள் தந்த கணக்கை அப்படியே தருகிறேன். வலியில்லாத சிறு கட்டியாயினும் இரண்டு வாரத்தில் மறையாவிட்டால் காட்டிவிட வேண்டும். வளர்கிறது, கல்போல் கெட்டியாய் அசையாமல் இருக்கிறது, நிறம் மாறுகிறது, இரத்தம் கசிகிறது, புண் ஆறவில்லை, போய்ப்போய்த் திரும்புகிறது என்றால் இரண்டு வாரமும் பார்க்க வேண்டா. கர்ப்பிணிகளும் நீரிழிவு உள்ளவர்களும் அப்படியே. காய்ச்சலோடு கூடிய வலி, நடக்க இயலாமை, சிறுநீர் அடைப்பு ஆகியவற்றுக்கு அன்றைக்கே. சிவப்பு மணிக்கு மணி பரவி, தோல் கறுத்து, காண்பதைவிட வலி கடுமையாக இருந்தால் அந்த நிமிடமே. அதில் உயிருக்கே ஆபத்து உண்டு.

எங்கே போவது? இந்நகரில் அதற்குக் குறைவே இல்லை. தைக்காட்டில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான அரசு மருத்துவமனை இருக்கிறது. 1951இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி வளாகத்தில் எஸ்.ஏ.டி. மருத்துவமனை இருக்கிறது. அவ்வளாகத்திலேயே 1981இல் நிறுவப்பட்ட வட்டாரப் புற்றுநோய் மையமும் இருக்கிறது, ஆர்.சி.சி. என்றால் ஆட்டோக்காரருக்கும் தெரியும். பெண்நோய்ப் பிரிவுக்கும் போகலாம், தோல்நோய்ப் பிரிவுக்கும் போகலாம்.

தைக்காடு என்றதும் ஒரு பெண்மணியைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. மேரி புன்னன் லூக்கோஸ், 1886இல் பிறந்தவர். பெண் என்ற காரணத்தால் இங்குள்ள மகாராஜா கல்லூரியில், அதாவது இன்றைய யூனிவர்சிட்டி கல்லூரியில், அறிவியல் படிக்க அவருக்கு இடம் தரவில்லை, வரலாறு படித்தார். பின்பு இலண்டனுக்குச் சென்று மருத்துவப் பட்டம் பெற்று, 1916இல் திரும்பித் தைக்காட்டு மருத்துவமனையில் பணியேற்றார். ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட மாட்டோம் என்று வீட்டிலேயே கிடந்து மாண்ட பெண்களின் காலம் அது. 1938இல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் ஆனார். எக்ஸ்ரே, ரேடியம் சிகிச்சைக்கு இந்நகரில் நிலையம் அமைந்ததும் அவர் முயற்சியால்தான். பெண் மருத்துவர் இல்லை என்று நம் பூட்டிகள் சொன்ன காரணம் உண்மையானது. நமக்கு அந்தக் காரணமும் இல்லை, ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்திலேயே "லேடி டாக்டர் மதி" என்று சொன்னால் போதும்.

அறைக்குள் என்ன நடக்கும் என்று தெரியாததால்தான் பலர் வாசலோடு திரும்புகிறார்கள். நடந்ததைச் சொல்கிறேன். எப்போது தொடங்கியது, வலிக்கிறதா, வளர்ந்ததா, கடைசி மாதவிலக்கு எப்போது என்று கேட்டார். திரைக்குப் பின்னே முழங்காலை மடித்துப் படுக்கச் சொன்னார். செவிலி ஒருவர் அருகில் இருந்தார். கையுறை போட்டுக்கொண்டு, தொடப்போவதாகச் சொல்லிவிட்டே தொட்டார். பார்த்து முடிக்க இரண்டு நிமிடம் ஆகவில்லை. உடலுறவு கொள்ளாத பெண்ணுக்கு வெளியிலுள்ள கட்டியைப் பார்க்க உள்ளாய்வு பொதுவாகத் தேவைப்படுவதில்லை. எந்த ஆய்வாயினும் ஏன் என்று கேட்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். தோழியை உடன் வைத்துக்கொள்ளலாம். 18 வயது நிரம்பியவள் சொல்வதை அவளுடைய இசைவின்றி வீட்டுக்குத் தெரிவிப்பது மருத்துவர் அறம் அன்று. மழித்துவிட்டுப் போக வேண்டியதில்லை. அது புதுக் கொப்புளத்தைத்தான் தரும். சொல்ல நா எழாவிட்டால் தாளில் எழுதிக் கொடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்: முழ, வலிக்கும், மூன்று வாரம். கையெழுத்து நடுங்கியிருந்தது, மருத்துவர் படித்துவிட்டார்.

தையல் ஆறிய பிறகு அம்மாவுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். நெடுநேரம் பேச்சே இல்லை. பிறகு, குரலைத் தாழ்த்தி, "ஏளா, எனக்கும் ஏதோ எறங்கி வாரமாதிரி இருக்கு. நீ பொறந்த பெறகு வந்தது" என்றாள். எனக்கு வயது 24.

குனிந்து குடம் தூக்கினால், முக்கினால், இருமினால் யோனி வாயிலில் உருண்டையாக ஒன்று வந்து நிற்குமாம். படுத்தால் உள்ளே போய்விடுமாம். அடி இறக்கம் என்று ஊரில் சொல்வது இதைத்தான். பிள்ளைப்பேறுகளில் தளர்ந்த தசைகள் தாங்க மாட்டாமல் கருப்பையோ, சிறுநீர்ப்பையின் சுவரோ, மலக்குடலின் சுவரோ கீழே சரிவது. புற்று அன்று. தொடக்கத்தில் இடுப்படித் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி உதவும். யோனிக்குள் வளையம் வைத்துத் தாங்கலாம். வேண்டுமானால் அறுவை மருத்துவமும் உண்டு. இருமலையும் மலச்சிக்கலையும் கவனிக்க வேண்டும். இத்தனைக்கும் அம்மா 24 ஆண்டுகளாகச் செய்த மருத்துவம், சேலையை இறுக்கிக் கட்டிக்கொண்டது ஒன்றே. கல்யாண வீடுகளில் அவள் ஏன் பந்தியில் உட்காராமல் பரிமாறிக்கொண்டே நிற்கிறாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. சுறுசுறுப்பு என்று எண்ணிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

பாளையங்கோட்டையில் பெண் மருத்துவர் ஒருவரிடம் போனாள். வளையம் வைத்திருக்கிறார்கள், சில மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்ட வேண்டும். அன்று மாலை அவளே கூப்பிட்டாள். "இத்தன நாளா ஏன் வரலன்னு டாக்டரம்மா கேட்டா. என்னத்தச் சொல்ல? வெக்கமா இருந்துச்சுன்னேன்" என்றாள். பிறகு, அடுத்த செவ்வாய்க்கிழமை சின்னம்மாவையும் அதே மருத்துவரிடம் கூட்டிப் போகப்போவதாகச் சொன்னாள். சின்னம்மாவுக்கு என்ன என்று கேட்டேன். "போய்ப் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றாள்.